போட்டித் தேர்வை நிறுத்துவது எப்படி? படித்த வருடங்களை வீண் என்று எழுதிவிடாமல் வெளியே வர ஒரு வழிகாட்டி

தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று சொல்லித்தர சென்னை அண்ணா நகரில் தெருவுக்கு நாலு போர்டு இருக்கிறது. போதும் என்று தோன்றும்போது எப்படி எழுந்து வருவது என்று சொல்ல ஒரு போர்டும் இல்லை. யு.பி.எஸ்.சி. (மத்திய அரசுப் பணித் தேர்வு), டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வு) என்று மூன்று, நான்கு, ஆறு வருடம் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் திட்டமிட்டு வெளியே வருவதில்லை. பணம் தீர்ந்து, வீட்டில் சண்டை வந்து, உடம்பு படுத்து, அப்படியே கழன்றுகொள்கிறார்கள். அப்படி வந்தவர்களுக்கு அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: "எல்லாம் வேஸ்ட்."

அந்த பதில் தவறு. அதைத் திருத்த ஆறுதல் வார்த்தை போதாது. காகிதமும் பேனாவும் வேண்டும். வரிசையாகப் பார்ப்போம். மொத்தம் மூன்று மாத வேலை.

1. தேதி போடுங்கள்

முதல் வேலை, நிறுத்தும் தேதியை எழுதுவது. "இந்த ரிசல்ட் பார்த்துவிட்டு" என்பது தேதி இல்லை. காலண்டரில் உள்ள ஒரு நாள் வேண்டும்.

யு.பி.எஸ்.சி.யில் கதவைத் தேர்வாணையமே சாத்திவிடும். பொதுப் பிரிவுக்கு 32 வயது, 6 முயற்சி, ஓ.பி.சி.க்கு 35 வயது, 9 முயற்சி, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37 வயது வரை முயற்சிக்குக் கணக்கில்லை. டி.என்.பி.எஸ்.சி.யில் அப்படியில்லை. முயற்சிக்கு எண்ணிக்கை கிடையாது. பட்டம் பெற்ற பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குப் பல பதவிகளில் வயது உச்சவரம்பும் கிடையாது. சலுகை நல்லதுதான். ஆனால் நிறுத்தும் நாளை உங்களுக்காக வேறு யாரும் குறித்துத் தரமாட்டார்கள் என்பதும் அதில் அடக்கம்.

இங்கே வழக்கமாகச் சிக்கும் பொறி "இன்னும் ஒரு அட்டெம்ப்ட் மிச்சம் இருக்கே." யு.பி.எஸ்.சி. விதிப்படி விண்ணப்பித்துவிட்டு ஹாலுக்குப் போகாவிட்டால் அது முயற்சியாகக் கணக்கில் சேராது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளாவது எழுதினால்தான் சேரும். இதனாலேயே பலர் விண்ணப்பம் போட்டு, பயந்து, போகாமல் இருந்து, அந்த மிச்ச முயற்சியைப் பல வருடம் கையில் வைத்துக்கொண்டு வேறு எதிலும் இறங்காமல் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் முயற்சியைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவேன் என்றால் தாராளமாக எழுதுங்கள். அதையும் இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள்: எந்தத் தேர்வு, எத்தனை முறை, அதற்காக வேலையை விடமாட்டேன் என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் வேலை போய்விடும்.

2. மூன்று பக்கக் கணக்கு

இதுதான் முக்கியமான படி. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று தலைப்பு, தலைப்புக்கு ஒரு பக்கம். மூன்றையும் ஒரே நாளில் எழுதாதீர்கள். பக்கத்துக்கு இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

முதல் பக்கம்: செலவு. அறை வாடகை, மெஸ், கோச்சிங் கட்டணம், டெஸ்ட் சீரிஸ், புத்தகம், ஜெராக்ஸ், ரீடிங் ஹால், ஊருக்குப் போய்வந்த பஸ். மாதம் 12,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு 4,32,000 ரூபாய். தொகையைப் பார்த்துப் பயப்படத்தான் செய்யும். ஆனால் எழுதாமல் விட்டால் அது மனத்துக்குள் "லட்ச லட்சமா அழிச்சுட்டேன்" என்ற உருவமில்லாத குற்றவுணர்வாக வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எழுதிவிட்டால் ஒரு தொகை; தொகைக்கு எல்லை உண்டு. சம்பாதிக்காமல் விட்ட வருடங்களை இந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம். நடக்காத வேலையின் கற்பனைச் சம்பளத்தைக் கணக்கெழுதத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை.

இரண்டாம் பக்கம்: கையில் என்ன இருக்கிறது. "பொது அறிவு வளர்ந்தது" என்று எழுதினால் அந்தப் பக்கத்தால் ஒரு பயனும் இல்லை. மற்றவருக்குச் செய்துகாட்டக்கூடியதை மட்டும் எழுதுங்கள். யு.பி.எஸ்.சி. மெயின்ஸ், அதாவது முதல்நிலைக்கு அடுத்த முதன்மைத் தேர்வு எழுதியவரா? பொது அறிவுத் தாள் ஒன்றில் 20 கேள்வி. பத்து கேள்விக்கு 150 சொல், பத்து கேள்விக்கு 250 சொல். மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட 4,000 சொல்லைக் கையால், தலைப்புப் பிரித்து, திருத்தாமல் எழுதப் பழகியிருக்கிறீர்கள். அலுவலக அறிக்கை எழுதச் சொன்னால் திணறுகிறவர்கள் நடுவில் இது சின்ன விஷயமில்லை. டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 எழுதியவரா? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சமச்சீர்ப் புத்தகங்களைப் பலமுறை புரட்டியிருப்பீர்கள். ஒரு தெருப் பிள்ளைகளுக்கே ட்யூஷன் எடுக்கலாம். அப்டிட்யூட் கணக்கு, மொழிபெயர்ப்பு, செய்தித்தாளில் எது செய்தி எது ஊதல் என்று பிரிப்பது, அரசாணையைப் படித்துப் புரிந்துகொள்வது, இவையெல்லாம் இந்தப் பக்கத்தில் வரும்.

மூன்றாம் பக்கம்தான் கடினம். தேர்வு என்று ஒன்றே இல்லாவிட்டாலும் எதைச் செய்திருப்பேன்? படிப்பில் எது பிடித்தது? சிலருக்குச் சோழர் வரலாறு, சிலருக்கு வரைபடம், சிலருக்கு அரசியலமைப்பு. படிப்புக்கு வெளியே எது பிடித்தது? சாயங்காலம் ஆறு மணிக்கு அறைத் தோழர்களோடு டீக்கடையில் நின்று கரண்ட் அஃபேர்ஸ் விவாதித்தது, சனிக்கிழமை சமையல், புதிதாக வந்த தம்பிக்கு முதல் மாதம் சொல்லிக்கொடுத்தது. இதெல்லாம் ரிசல்ட்டில் வராது. அந்த வருடங்களில் நீங்கள் உண்மையாக வாழ்ந்த பகுதி பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். இந்தப் பக்கம் காலியாக இருந்தால் கட்டாயப்படுத்தி நிரப்ப வேண்டாம். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

இந்தப் படியில் நடக்கும் தவறு: மூன்று பக்கத்தையும் கூட்டிக்கழித்து "லாபமா நஷ்டமா" என்று அடிக்கோடு போடுவது. போடாதீர்கள். முதல் பக்கம் ரூபாய். மற்ற இரண்டும் ரூபாயில்லை.

3. எண்களைச் சரியாகப் பாருங்கள்

"நான் தகுதியில்லாதவன்" என்பது கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லிக்கொள்ளும் முடிவு. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு 2024-இல் விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலை எழுதியவர்கள் 5,83,213. மெயின்ஸுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627. நேர்காணலுக்கு வந்தவர்கள் 2,845. கடைசியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009. நேர்காணல் அறைவரை போய்த் திரும்பிய 1,836 பேருக்கு ஆட்சிமொழி தெரியாதா, நிர்வாகம் புரியாதா? இடம் அவ்வளவுதான். அந்த வருடக் குரூப் 4-க்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் அறிவிப்பில் இடங்கள் 6,244.

தேர்வு, இருக்கும் இடத்துக்கு ஆளைப் பொறுக்குகிறது. உங்களை மதிப்பிடுவது அதன் வேலை இல்லை. அதற்கு அந்தக் கருவியும் இல்லை. யு.பி.எஸ்.சி. நேர்காணல்வரை போய் இடம் கிடைக்காதவர்களின் விவரத்தை, அவர்கள் சம்மதித்தால், வேலை தரும் நிறுவனங்கள் பார்க்கும்படி செய்ய பிரதிபா சேது என்ற தளத்தைத் தேர்வாணையமே வைத்திருக்கிறது. நேர்காணல்வரை போனவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

4. காகிதங்கள்

படித்த காலத்தில் பலர் தள்ளிப்போட்டது இந்த வேலை. பட்டியல்:

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், பட்டப்படிப்பின் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல், பட்டச் சான்று. கடைசியில் சொன்னதைப் பலர் வாங்கியே இருக்கமாட்டார்கள். புரொவிஷனலை வைத்தே ஐந்தாறு வருடம் ஓட்டியிருப்பார்கள். பல்கலைக்கழகத் தளத்தில் விண்ணப்பித்து, தாமதக் கட்டணம் கட்டினால் கிடைக்கும். வர மாதங்கள் ஆகலாம், அதனால் முதல் வாரமே போடுங்கள்.

ஜாதிச் சான்று நிரந்தரமானது. வருமானச் சான்று அப்படியில்லை, புதிதாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருவாய்த்துறைச் சான்று ஒன்றுக்கு 60 ரூபாய். தமிழ் வழியில் படித்தவர்கள் பி.எஸ்.டி.எம். சான்றைப் பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வாங்கி வையுங்கள். தலைமையாசிரியர் மாறினால் அலைச்சல் கூடும்.

ஹால் டிக்கெட்டுகளையும் மதிப்பெண் பட்டியல்களையும் கிழித்துப் போடாதீர்கள். இடைவெளி வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் மனிதவளத் துறைக்கு அதுதான் சான்று. தேர்வாணையத் தளத்தில் மதிப்பெண் குறிப்பிட்ட காலம் வரைதான் இருக்கும். இப்போதே இறக்கி, பி.டி.எஃப். ஆக வையுங்கள்.

மார்க் ஷீட் தொலைந்திருந்தால், காவல்துறைத் தளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை எடுத்துக்கொண்டு நகல் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரிஜினல் எதுவும் கோச்சிங் சென்டரிலோ ஹாஸ்டலிலோ அடமானமாக இருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

5. பணம்: திரும்ப வர வேண்டியது, கட்ட வேண்டியது

கோச்சிங் நடுவில் விட்டால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை விகிதப்படி 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஜனவரி 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. ஹாஸ்டல், மெஸ் கட்டணத்துக்கும் அதே. வழிகாட்டுதலை அமல்படுத்துவது மாநிலத்தின் கையில் இருப்பதால், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் கேளுங்கள், மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள், ரசீதை இணையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "கட்டிய பணம் திரும்பாது" என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் புகார் கொடுக்கலாம்.

அறையைக் காலி செய்வதை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். சொல்லாமல் கிளம்பினால் அட்வான்ஸில் கழித்துவிடுவார்கள். கிளம்பும் நாள் சுவர், மின்விசிறி, பாத்ரூம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

கட்ட வேண்டியதில் முதலிடம் ஆப் கடனுக்கு. வட்டி அதில்தான் ஓடுகிறது. அடுத்தது நகை. கோச்சிங் கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி வங்கியில் இருந்தால் சீட்டை எடுத்துத் தவணை நாளைப் பாருங்கள். மீட்க முடியாவிட்டால் வட்டியையாவது கட்டித் திருப்பி வைக்க வேண்டும், விட்டால் ஏலத்துக்குப் போகும். இந்த நகைதான் பலரை வெளியே வரவிடாமல் பிடித்து வைக்கிறது: "அம்மா நகையை வச்சுப் படிக்க வச்சாங்க, பாஸ் பண்ணாம எப்படி வீட்டுக்குப் போறது?" சங்கிலியை மீட்க ரேங்க் வேண்டியதில்லை. மாதம் 18,000 சம்பளம் வந்தால், வருடத்தில் மீண்டுவிடும் தொகையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

6. வீட்டில் சொல்வது

பணம் கொடுத்தவரிடம் முதலில் சொல்லுங்கள். அப்பா கொடுத்திருந்தால் அப்பா, அக்கா சம்பளத்தில் படித்திருந்தால் அக்கா. அம்மா வழியாகச் சொல்லி அனுப்புவது பாதி வீடுகளில் நடக்கிறது. அது இன்னொரு வாரம் முணுமுணுப்பைத்தான் கொடுக்கும்.

நேரம்: ரிசல்ட் வந்த வாரம் வேண்டாம், பண்டிகை நாள் வேண்டாம், சாப்பாட்டு வேளை வேண்டவே வேண்டாம். கையில் ஒரு தாள் கொண்டு போங்கள். அதில் மூன்று வரி: எந்தத் தேதியில் நிறுத்துகிறேன், அடுத்த மூன்று மாதம் என்ன செய்வேன், கடன் எவ்வளவு அதை எப்படிக் கட்டுவேன். முதல் பேச்சில் திட்டு விழும். மறுபேச்சு அன்றே வேண்டாம். இரண்டாம், மூன்றாம் பேச்சில்தான் அந்தத் தாளை வாங்கிப் படிப்பார்கள்.

கல்யாண வீட்டுக்குத் தனியாக ஒரு பதில் தயார் செய்யுங்கள். "என்னப்பா, கலெக்டர் ஆயிட்டியா?" என்று மாமா கேட்பார், சிரித்துக்கொண்டே கேட்பார், பத்துப் பேர் நடுவில் கேட்பார். "படிச்சு முடிச்சிட்டேன் மாமா, இப்ப வேலைக்குப் போறேன்" போதும். ஏன், எத்தனை மார்க்கில் போனது, கட்-ஆஃப் என்ன என்ற விளக்கம் எதுவும் கூடாது. விளக்கம் சொல்லச் சொல்ல, விசாரணை நடத்த அவருக்கு உரிமை இருப்பதாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

7. முதல் தொண்ணூறு நாள்

முதல் வாரம் தூங்குங்கள். அலாரம் வேண்டாம். அறை மாற்றுவது தவிர வேறு முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

இரண்டாம் வாரம் உடம்பு. கண் பரிசோதனை, முதுகு, பல். பத்து மணி நேரம் குனிந்து உட்கார்ந்த உடம்புக்கு எல்லாக் கணக்கும் பாக்கியிருக்கும். அரசு மருத்துவமனையில் காலையில் போனால் மதியத்துக்குள் முடியும்.

மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கட்டும். ஒன்று வேலை தேடுவது, அதற்குத் தினமும் மூன்று மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று, சான்றிதழ் தராத ஒன்றைக் கற்றுக்கொள்வது. நீச்சல், சிலம்பம், பறை, மீன்குழம்பு, சைக்கிள் பழுது பார்ப்பது, எதுவாகவும் இருக்கலாம். விதி ஒன்றுதான்: அதில் தேர்வும் ரேங்கும் இருக்கக்கூடாது, நீங்கள் அதில் சுமாராக இருக்க வேண்டும். பல வருடம் எதைச் செய்தாலும் "இது சிலபஸ்ல வருமா?" என்று கேட்டுப் பழகிய மூளைக்கு, ஒன்றைச் சும்மா செய்யலாம் என்பது மறந்துபோயிருக்கும். முதல் பத்து நாள் எரிச்சலாகவே இருக்கும். நேரத்தை வீணடிக்கிறோம் என்று தோன்றும். அது போக ஒரு மாதம் பிடிக்கும்.

இரவு அந்த நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். என்ன கிடைத்தது என்று எழுத வேண்டாம், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். "இன்டர்வியூ கிடைக்கவில்லை" என்பதற்குப் பதில் "நாலு இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினேன், சாயங்காலம் குளத்தங்கரை வரை நடந்தேன், தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்." இதிலும் ஒரு பொறி உண்டு: தொடர்ந்து எத்தனை நாள் எழுதினோம் என்று எண்ண ஆரம்பிப்பது. எண்ண ஆரம்பித்தால் இதுவும் இன்னொரு டெஸ்ட் சீரிஸ். நடுவில் நாலு நாள் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும்.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் மேலே சொன்ன எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். டெலி-மானஸ் 14416-க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

8. பயோடேட்டாவில் அந்த வருடங்கள்

மறைக்காதீர்கள். "2020–2024: குடிமைப் பணித் தேர்வுக்கான முழுநேரத் தயாரிப்பு, இரண்டு முறை முதன்மைத் தேர்வு எழுதியது" என்று நேராக எழுதுங்கள். கீழே, இரண்டாம் பக்கத்தில் எழுதியதில் இருந்து மூன்று வரி. முதல்நிலை தாண்டாதவர்களும் எழுதலாம். தாண்டாததைக் குறிப்பிடும் அவசியமில்லை, பொய் சொல்லும் அவசியமும் இல்லை.

தொண்டு நிறுவனங்கள், நாளிதழ்கள், மொழிபெயர்ப்பு, பள்ளிப் பாட உள்ளடக்கம் எழுதுவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவு, வங்கி சாரா நிதி நிறுவனங்கள், இங்கெல்லாம் இந்தப் பின்னணிக்கு மதிப்பு உண்டு. வங்கித் தேர்வுக்கு வயது இடிக்கும்: ஐ.பி.பி.எஸ். கிளார்க் 28, பி.ஓ. 30, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

கோச்சிங் சென்டரிலேயே பாடம் எடுக்கவும் விடைத்தாள் திருத்தவும் கூப்பிடுவார்கள். உடனே காசு வரும், கை பழகிய வேலை. அவசரத்துக்கு எடுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அதே கட்டடம், அதே டீக்கடை, அதே கட்-ஆஃப் பேச்சு. வெளியே வந்ததாக உங்களுக்கே தோன்றாது.

9. புத்தகம், குரூப், அடுத்த அறிவிப்பு

நோட்ஸை எரிக்கும் வீடியோ எல்லாம் வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் வந்த பாடத்தின் புத்தகங்களை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஊர் நூலகத்துக்கோ, இந்த வருடம் தொடங்கும் ஒரு தங்கைக்கோ கொடுங்கள். கரண்ட் அஃபேர்ஸ் மாத இதழ்கள் பழைய பேப்பர் கடைக்கு; அதை யாருக்குக் கொடுத்தாலும் பாவம்.

டெலிகிராம் குரூப்பில் இருந்து விலகுங்கள். சத்தம் மட்டும் நிறுத்தி வைத்தால், ஆன்சர் கீ வந்த இரவு தானாகக் கை போகும். யு.பி.எஸ்.சி. இறுதி முடிவு வரும்போது யூடியூப் முழுக்க டாப்பர் பேட்டிதான். அந்த இரண்டு வாரத்துக்கு அதைப் போனிலிருந்து எடுத்துவிடலாம். அறைத் தோழர் தேர்வாகிவிட்டால் போன் செய்து வாழ்த்துங்கள், ட்ரீட்டுக்குப் போங்கள். மனசு கொஞ்சம் கசந்தால் கசக்கட்டும், பிரியாணி கசக்காது.

அடுத்த அறிவிப்பு வரும். டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுத் திட்டத்தில் தேதி முன்கூட்டியே இருக்கும், யு.பி.எஸ்.சி. விண்ணப்பக் கட்டணம் வெறும் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. "சும்மா போட்டு வைப்போம்" என்று தோன்றும். முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். அதில் இந்தத் தேர்வு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கடைசித் தேதி தாண்டும்வரை அந்தத் தளத்துக்குப் போக வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவை (ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன்) ரத்து செய்ய எங்கும் அலைய வேண்டியதில்லை. 150 ரூபாய் கட்டிய அந்தப் பதிவு, புதுப்பிக்காவிட்டால் ஐந்து வருடத்தில் தானாகவே காலாவதியாகிவிடும்.